கடைசி வரி வரைக்கும் படித்தேன்

விளக்கு எரியும் எழுத்துப் பலகையின் கடைசி வரியைத் தடுமாறாமல் படித்தேன். முதலில் இடது கண்ணை மூடிக்கொண்டு, அப்புறம் வலது கண்ணை மூடிக்கொண்டு. சோதித்த பெண், "ரெண்டு கண்ணும் சிக்ஸ் பை சிக்ஸ் சார்" என்று சீட்டில் எழுதிக்கொண்டபோது, நூற்றுக்கு நூறு வாங்கிய பையனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்போது எனக்கு வயது 49. சர்க்கரை வந்து 11 வருடம் ஆகியிருந்தது. தூரப் பார்வைக்குக் கண்ணாடியே இல்லாமல் கடைசி வரி என்றால் சும்மாவா?

அந்தப் பெண் ஒரு சின்னப் புட்டியோடு பக்கத்தில் வந்தார். "தலையைச் சாய்ச்சுக்கோங்க சார், கண்ணுக்குள்ள பார்க்கச் சொட்டு மருந்து போடணும்." இந்த இடத்துக்கென்று நான் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருப்பேன். "வண்டியில வந்திருக்கேன்மா. திரும்ப ஓட்டிட்டுப் போகணும். அடுத்த தடவை போட்டுக்கிறேன்." இரண்டு முறை இந்தப் பொய் பலித்திருக்கிறது. மூன்றாவது முறை மனைவி கூட வந்திருந்தாள். "வண்டியை நான் ஓட்டிக்கிறேன். நீங்க போடுங்கம்மா" என்று சொல்லிவிட்டாள்.

முக்கால் மணி நேரம் கழித்து மருத்துவர் தன் மேசைத் திரையை என் பக்கம் திருப்பினார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய வட்டம். அதன் ஒரு பக்கத்தில் வெளிறிய மஞ்சளில் சின்ன வட்டம். பார்வை நரம்பு கண்ணை விட்டு மூளைக்குக் கிளம்பும் இடம். அங்கிருந்து ரத்தக்குழாய்கள் இலையில்லாத மரத்தின் கிளைகள் போலப் பிரிந்து நாலா பக்கமும் ஓடின. உடம்பில் கத்தி வைக்காமல் ரத்தக்குழாயை நேரடியாகப் பார்க்க முடிகிற இடம் கண்ணின் உட்புறம்தான் என்றார். ரசிக்க நேரம் கொடுக்காமல் பேனாவின் பின்பக்கத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். சிவப்பு மையால் லேசாகப் புள்ளி குத்தியது போல ஏழெட்டு இடங்கள். கொஞ்சம் பெரிதாக, மை பரவினது போல இரண்டு. அப்புறம் மஞ்சளாக, மெழுகு சொட்டினது போலச் சில துணுக்குகள்.

"இதெல்லாம் எப்ப டாக்டர் வந்துச்சு?"

"கடைசியா எப்ப சொட்டு மருந்து போட்டுப் பார்த்தீங்க?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன்.

அந்தப் பொய்யைப் பற்றிப் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். வண்டி ஒரு சாக்கு. நாலைந்து மணி நேரம் கண் கூசும் என்பதும் சாக்கு. பார்த்தால் ஏதாவது இருந்துவிடுமோ என்ற பயம்தான் நிஜம். சர்க்கரைக்காரர்களுக்கு மருத்துவரின் அறை என்றாலே கொஞ்சம் தலைமையாசிரியர் அறை மாதிரிதான். போனதும் ரத்தப் பரிசோதனைச் சீட்டு, அதில் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (ஹெச்பிஏ1சி), அதற்கு ஒரு பெருமூச்சு, அப்புறம் ஒரு திட்டு. அந்த அறைகளிலேயே எழுத்துப் பலகை ஒன்றுதான் எனக்கு எப்போதும் நல்ல மதிப்பெண் கொடுத்தது. அதனால் அதையே நம்பினேன்.

அது பொய் சொல்லவும் இல்லை. தான் பார்த்ததைச் சொன்னது. அது பார்த்த இடம்தான் சின்னது. கண்ணின் பின்சுவரில் விழித்திரை ஒட்டியிருக்கிறது, கால் மில்லிமீட்டர் கனம். அதன் மையத்தில் மாகுலா என்று ஒரு பகுதி, சுமார் 5 மில்லிமீட்டர் அகலம். எழுத்தைப் படிப்பது, ஊசியில் நூல் கோர்ப்பது, முகத்தை அடையாளம் காண்பது எல்லாம் மாகுலாவின் வேலை, அதிலும் அதன் நடுப்புள்ளியின் வேலை. பலகை அந்தப் புள்ளியை மட்டும்தான் விசாரிக்கிறது. சுற்றியிருக்கும் விழித்திரையில் ரத்தம் கசிந்தாலும், குழாய் அடைபட்டாலும், புதிதாக ஆபத்தான குழாய் முளைத்தாலும், நடுப்புள்ளி ஈரமாகாத வரைக்கும் கடைசி வரி தெளிவாகவே தெரியும். வலியும் இருக்காது, விழித்திரையில் வலியைச் சொல்லும் நரம்பு கிடையாது. போதாக்குறைக்கு ஒரு கண் விட்டதை இன்னொரு கண் ஈடு கட்டும், மீதியை மூளை ஒப்பேற்றும். வீட்டில் ஒழுகும் குழாயைச் சத்தத்தை வைத்தாவது கண்டுபிடித்துவிடலாம். இதில் அதுவும் இல்லை.

சர்க்கரைக்கும் கண்ணுக்கும் என்ன பகை என்று கேட்டேன். மருத்துவருக்குப் பொறுமை இருந்தது. விழித்திரை ஆக்சிஜனை வாரிக் குடிக்கும் திசு. அதற்கு ரத்தம் கொண்டுபோகும் மயிரிழைக் குழாய்களின் சுவரை வெளியிலிருந்து அணைத்துப் பிடித்துக்கொண்டு சில செல்கள் இருக்கின்றன. ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் அதிகமாக இருந்தால் முதலில் சாவது அவைதான். பிடி விட்ட இடத்தில் சுவர் சின்னப் பலூன் போலப் புடைக்கும். நான் பார்த்த சிவப்புப் புள்ளிகளில் பாதி இந்தப் பலூன்கள், மீதி அவை உடைந்து சிந்திய ரத்தம். சுவர் கசிந்தால் நீரும் கொழுப்பும் வெளியே வரும். நீர் மெல்ல உறிஞ்சப்பட்டுவிடும், கொழுப்பு அங்கேயே உறைந்து நிற்கும். மெழுகுச் சொட்டுகள் அவைதான்.

"இப்ப மிதமான நிலை" என்றார். முதலில் லேசானது, பிறகு மிதமானது, பிறகு கடுமையானது, அதற்கும் பிறகு புதுக் குழாய்கள் முளைக்கும் நிலை. "லேசர் வேண்டாம், ஊசி வேண்டாம். ஆறு மாசத்துல வாங்க. அதுக்குள்ள சர்க்கரையையும் பிரஷரையும் சரி பண்ணுங்க." மருந்துச் சீட்டில் கண்ணுக்கென்று எதுவுமே எழுதவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கண் டாக்டரிடம் போய்விட்டு ஒரு கண் மருந்துகூட இல்லாமல் திரும்புவதா? கடையில் கேட்டு வாங்கும் எந்தச் சொட்டு மருந்தும் விழித்திரைக் கசிவை நிறுத்தாது என்பது எனக்கு அப்போது தெரியாது. விளம்பரங்கள் என்ன சொன்னாலும் சரி.

இங்கே ஒரு பழைய கதையையும் சொல்லியாக வேண்டும். அதற்கு இரண்டு வருடம் முன்பு, ஒரு மாதம் போலத் தூரத்தில் இருப்பதெல்லாம் மங்கலாகத் தெரிந்தது. ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். கணினியில் பார்த்தார்கள், பவர் வந்திருக்கிறது என்றார்கள், நல்ல சட்டமாகப் பார்த்து மாட்டிவிட்டார்கள். கண் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "சூப்பரா இருக்கு சார்" என்று பதில் வந்தது. சர்க்கரை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தச் சமயத்தில் மாத்திரையை மாற்றினார்கள், சர்க்கரை இறங்கியது. ஆறாவது வாரம் புதுக் கண்ணாடியைப் போட்டால்தான் மங்கியது, கழற்றினால் பளிச்சென்று இருந்தது! கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ், சர்க்கரை ஏறி இறங்கும்போது நீரை வாங்கி உருவம் மாறும். பவரும் கூடவே மாறும். சர்க்கரை சில வாரங்கள் நிலையாக நின்ற பிறகு கண்ணாடிக்கு அளவு எடுப்பதே புத்திசாலித்தனம். அந்தக் கண்ணாடி இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. ஆனால் நான் வருத்தப்படுவது அதற்குச் செலவான பணத்துக்கு இல்லை. "கண் பரிசோதனை செய்தாயிற்று" என்று அந்தக் கடைச் சீட்டை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

பவர் பார்ப்பது வேறு, கண்ணுக்குள் பார்ப்பது வேறு. சர்க்கரை உள்ளவருக்கு இரண்டும் வேண்டும். இரண்டாவது இல்லையென்றால் முதலாவது வெறும் ஆறுதல்தான்.

சரி, அந்தச் சொட்டு மருந்தைப் பற்றி. என்னைப் போலப் பயந்து ஓடுகிறவர்களுக்காக விவரமாகச் சொல்கிறேன். முதல் சொட்டு சுரீரென்று எரியும். இருபது எண்ணுவதற்குள் அடங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் தொண்டையில் ஒரு கசப்பு வரும். கண்ணையும் மூக்கையும் இணைக்கும் குழாய் வழியாக மருந்து இறங்குவதுதான் காரணம். சொட்டு விழுந்ததும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டால் கசப்பு குறையும். அப்புறம் உட்கார வேண்டியதுதான். பாப்பா, அதாவது கருவிழியின் நடுவில் ஒளி நுழையும் துளை, விரிய இருபது முப்பது நிமிடம் ஆகும். பல வருடமாகச் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாப்பா சுருங்கியே இருக்கும், லேசில் விரியாது. எனக்கு மூன்று முறை போட்டார்கள். மூன்றாவது முறை அந்தப் பெண்ணே, "உங்க கண்ணு ரொம்ப அடம் பிடிக்குது சார்" என்றார். அதற்குள் கைபேசியில் எழுத்துகள் கரைந்து போயிருக்கும். வெளியே வந்தால் வெயில் கத்தியைப் போல இறங்கும். கறுப்புக் கண்ணாடியும் வண்டி ஓட்ட ஓர் ஆளும் இருந்தால் போதும், சாயங்காலத்துக்குள் எல்லாம் பழையபடி ஆகிவிடும். கண் அழுத்த நோய் உள்ளவர்களும், அந்த நோய் குடும்பத்தில் இருப்பவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சிலருக்குக் கண்ணின் உள்வழி குறுகலாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் மருந்து போடுவார்கள்.

எப்போதிலிருந்து பார்க்க வேண்டும்? இரண்டாம் வகைச் சர்க்கரை என்றால், நோய் தெரிந்த அன்றைக்கே நாள் குறித்துவிட வேண்டும். ஏனென்றால் நமக்குத் தெரிந்த நாள் வேறு, அது வந்த நாள் வேறு. பல வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டுத்தான் அது சீட்டில் ஏறுகிறது. சீட்டில் ஏறும் நாளிலேயே சிலருடைய கண்ணில் புள்ளிகள் இருக்கும். சின்ன வயதில் திடீரென்று வரும் முதல் வகைக்கு, வந்து ஐந்து வருடத்துக்குள் தொடங்கினால் போதும். பிறகு வருடம் ஒரு முறை. ஏதாவது தென்பட்டால் இன்னும் அடிக்கடி. ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண்கள் கருத்தரிப்பதற்கு முன்போ முதல் மூன்று மாதத்திலோ பார்த்துவிட வேண்டும். கர்ப்ப காலத்தில் விழித்திரைப் பாதிப்பு வேகமெடுக்கக்கூடும். கர்ப்பத்தில் மட்டும் புதிதாக வந்த சர்க்கரைக்கு இந்த அவசரம் இல்லை.

எனக்கு ஆறு மாத வீட்டுப்பாடம் கிடைத்தது என்றேன் அல்லவா? அதைச் செய்வதற்கு முன்னால் அதற்கு ஆதாரம் என்ன என்று தேடினேன். 1993இல் வெளியான ஓர் ஆய்வு கையில் கிடைத்தது. டிசிசிடி என்று சுருக்கிச் சொல்வார்கள். முதல் வகைச் சர்க்கரை உள்ள 1,441 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை, மறு பாதியினருக்குக் கறாரான கட்டுப்பாடு என்று சராசரியாக ஆறரை வருடம் கவனித்தார்கள். கண்ணில் பாதிப்பே இல்லாமல் தொடங்கியவர்களில், கறாராக இருந்தவர்களுக்கு விழித்திரை நோய் வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்திருந்தது. ஐந்து வருடம் கழித்து, 1998இல், இரண்டாம் வகைக்காரர்களை வைத்துப் பிரிட்டனில் நடந்த யுகேபிடிஎஸ் ஆய்வு வந்தது. அதில் என்னைத் தூக்கி நிறுத்தியது ரத்த அழுத்தம். அழுத்தத்தை நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு விழித்திரை நோய் முற்றுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சர்க்கரையை எண்ணி எண்ணிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நான், பிரஷர் மாத்திரையை மட்டும் தலை வலித்தால் போடுவது என்று வைத்திருந்தேன். என்ன ஞானம்!

டிசிசிடி ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அதைப் பலர் சொல்வதில்லை. நீண்ட நாள் ஏறியிருந்த சர்க்கரையைச் சட்டென்று இறக்கும்போது, சிலருக்கு முதல் ஓராண்டில் கண் கொஞ்சம் மோசமாகும். அப்புறம்தான் லாபம் தெரியும். 2016இல் சர்க்கரைக்கான செமாகுளூடைட் ஊசி மருந்தின் ஆய்விலும் விழித்திரைச் சிக்கல்கள் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தன. ஏற்கெனவே கண் பாதிக்கப்பட்டு, சர்க்கரையும் வேகமாக இறங்கியவர்களிடம்தான் அது அதிகம். இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்திவிடக் கூடாது. இன்சுலினோ புது ஊசியோ தொடங்கும் முன் ஒரு முறை கண்ணைக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள் என்பதுதான் விஷயம்.

வீட்டுப்பாடத்தை ஒழுங்காகச் செய்தேன். மூன்று மாத சராசரி 9.1இலிருந்து மெதுவாக 7.2க்கு வந்தது. ஆறு மாதத்தில் புள்ளிகள் கூடவில்லை. ஒரு வருடத்தில் சில மறைந்தேகூடப் போயிருந்தன. கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

நான்காவது வருடம், பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வலது கண்ணை மூடியபடி ஜன்னலைப் பார்த்தேன். இது எனக்கு ஒரு பழக்கமாகியிருந்தது. தினமும் ஒவ்வொரு கண்ணாக மூடி ஜன்னல் கம்பிகளைப் பார்ப்பது. அன்று நடுக்கம்பி ஓர் இடத்தில் லேசாக வளைந்திருந்தது. கண்ணை மாற்றி மூடினேன், நேரானது. மறுபடி மாற்றினேன், வளைந்தது. அன்று மதியமே போனேன். பலகையில் இடது கண் கடைசி இரண்டு வரிகளைத் தவற விட்டது. ஓசிடி என்ற கருவியில் தாடையை வைத்துப் பச்சைக் குறியைப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. விழித்திரையைக் குறுக்கே வெட்டிய கேக் போலத் திரையில் காட்டினார்கள். 1991இல் கண்டுபிடித்த இந்தக் கருவி, கண்ணைத் தொடாமலே ஒளியால் மைக்ரான் கணக்கில், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில், கனம் அளக்கிறது. நடுவில் 250 அல்லது 260 மைக்ரான் இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு 412. உள்ளே கறுப்புக் குமிழிகளாக நீர் கோத்திருந்தது. மாகுலா வீங்கிவிட்டது.

"சர்க்கரை நல்லாத்தானே இருக்கு டாக்டர்?" என்றேன். கொஞ்சம் கோபமாகத்தான்.

"முன்னாடி பத்து வருஷம் இருந்ததையும் கண்ணு ஞாபகம் வெச்சிருக்கும்" என்றார்.

இதை என்னைப் போன்றவர்களுக்காக எழுதி வைக்கிறேன். நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதே ஒரு தனிக் கணக்கு. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1980இல் தொடங்கிய பெரிய ஆய்வில், 20 வருடம் கடந்த முதல் வகைக்காரர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும், இரண்டாம் வகைக்காரர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கும் விழித்திரையில் ஏதோ ஒரு மாற்றம் இருந்தது. இன்றைய சிகிச்சை அன்றைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் கண்ணில் ஏதாவது தெரிந்துவிட்டால் அதை ஒழுக்கக் குறைவாகப் பார்க்கும் பார்வை மாற வேண்டும். திட்டு விழும் என்று பயந்துதான் பாதிப் பேர் வருவதே இல்லை. நான் சொல்வது ஊகம் இல்லை, அனுபவம்.

சிகிச்சை, கண்ணுக்குள் ஊசி. இந்த இரண்டு சொற்களையும் சேர்த்துக் கேட்டபோது எனக்குக் கால் தளர்ந்துவிட்டது. உண்மையில் நடந்தது இதுதான். மரத்துப்போகச் சொட்டு மருந்து, சில நிமிட இடைவெளியில் மூன்று தடவை. பழுப்பு நிற அயோடினால் இமையும் கண்ணும் கழுவல். மொத்தத்தில் எரிந்தது அது ஒன்றுதான். முகத்தின் மேல் ஓட்டை போட்ட துணி. இமை மூடாமல் இருக்க ஒரு சின்னக் கம்பிக் கவ்வி. "மேலே பாருங்க, மேலேயே பாருங்க." கருவிழியின் விளிம்பிலிருந்து நாலு மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளை விழியில் ஓர் அழுத்தம். ஊசி வருவதைப் பார்க்க முடியாது. உள்ளே போனது 0.05 மில்லிலிட்டர், ஒரு சொட்டு. போன நொடியில் கண்ணெதிரே புகை மாதிரி ஏதோ சுழன்றது. கறுப்பு முத்து போல ஒரு காற்றுக் குமிழி மறுநாள் காலை வரை கூடவே வந்தது. மறுநாள் வெள்ளை விழியில் ரத்தச் சிவப்பாக ஒரு திட்டு. பார்த்தவர்கள் பதறினார்கள், எனக்கு வலியே இல்லை. ஆனால் ஊசி போட்ட அடுத்த சில நாட்களில் வலி கூடிக்கொண்டே போனாலோ பார்வை குறைந்தாலோ, ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் போய்விட வேண்டும் என்று கையில் சீட்டு கொடுத்து அனுப்பினார்கள். அபூர்வமாகக் கிருமி தொற்றலாம், தொற்றினால் மணிக்கணக்கில் முற்றும்.

அந்த ஒரு சொட்டுக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. ரத்தம் கிடைக்காத விழித்திரை, "எனக்கு ஆக்சிஜன் அனுப்பு" என்று ஏதோ ஒரு வேதிப்பொருளைச் சுரந்து கூப்பிடுகிறது என்று 1948இலேயே மைக்கேல்சன் என்ற கண் மருத்துவர் ஊகித்தார். அந்தக் கூப்பாட்டைக் கேட்டுக் குழாய்கள் கசிகின்றன. புதிய குழாய்களும் முளைக்கின்றன. முளைப்பவை உருப்படியானவையாக இருந்தால் பரவாயில்லை. தொட்டால் உடையும் சவலைக் குழாய்கள் அவை. உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம், தழும்பானால் விழித்திரையை இழுத்துப் பிய்க்கும். அந்தப் பொருளின் பெயர் விஇஜிஎஃப் என்பதும், சர்க்கரையால் பாதிக்கப்பட்ட கண்களின் நீரில் அது நிறைய இருக்கிறது என்பதும் 1994இல் உறுதியானது. எனக்குப் போட்ட ஊசி அதைத்தான் மடக்குகிறது. ஒரே ஊசியில் தீராது. முதல் வருடத்தில் எட்டு முதல் பத்து வரை ஆகலாம், அப்புறம் இடைவெளி நீளும். பலர் மூன்றாவது ஊசியில் பார்வை தேறியதும் போவதை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கும் மூன்றாவதில் 290க்கு இறங்கி, கம்பி நேராகிவிட்டது. நிறுத்திவிடலாமா என்று மனதுக்குள் அந்தப் பழைய வண்டிக்காரன் கேட்டான்.

ஊசிக்கு முன்பு லேசர் மட்டும்தான். இன்றும் புதுக் குழாய் முளைத்த கண்ணுக்கு அது பெரிய காவல். அதன் பிறப்பு விசித்திரமானது. 1945 ஜூலை 9 அன்று நடந்த சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்த ஒரு மாணவருக்கு விழித்திரையில் பொசுங்கிய தழும்பு விழுந்தது. அதைப் பார்த்த மேயர் ஷ்விக்கராத் என்ற ஜெர்மானிய மருத்துவருக்கு, கெடுக்கிற ஒளியை அளவாகக் கொடுத்தால் வைத்தியமாகுமே என்று தோன்றியது. முதலில் சூரிய ஒளியையே கண்ணாடிகளால் திருப்பி முயன்றார், பிறகு செனான் விளக்கு, அதற்கும் பிறகு லேசர் வந்தது. ஆக்சிஜன் கேட்டுக் கத்தும் ஓரப் பகுதிகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சின்னச் சூடுகள் போட்டு அவற்றின் பசியை அடக்குவார்கள். நடுப் பார்வை பிழைக்கும். விலையும் உண்டு. இருட்டில் பார்வை கொஞ்சம் மங்கும், ஓரப் பார்வை கொஞ்சம் சுருங்கும்.

இது நிஜமாகவே பலிக்கிறதா என்று 1970களில் அமெரிக்காவில் சோதித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. 1,700க்கும் மேற்பட்டவர்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணில் மட்டும் சிகிச்சை, இன்னொரு கண்ணை அப்படியே விட்டார்கள். ஒரே ஆள், ஒரே சர்க்கரை, இரண்டு கண்கள். சிகிச்சை பெற்ற கண்களில் கடும் பார்வை இழப்பு பாதிக்கு மேல் குறைந்தது. 1976இல் அது தெரிந்ததும் மற்றக் கண்ணுக்கும் சிகிச்சை கொடுக்கலாம் என்று விதியையே மாற்றினார்கள். ஒரு கண்ணைப் பணயம் வைத்த அந்த மனிதர்களை நான் அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

விழித்திரையை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை விட்டால் முழுமையாகாது. சர்க்கரை உள்ளவர்களுக்குக் கண்புரை சீக்கிரமே வரும். அதை எடுப்பது எளிதுதான். ஆனால் மாகுலா வீக்கம் இருந்தால் முதலில் அதை அடக்கிவிட்டுப் புரையைத் தொடுவார்கள். இல்லாவிட்டால் புரை எடுத்த பிறகு வீக்கம் கூடலாம். திடீரென்று ஒன்று இரண்டாகத் தெரிந்தால், கண்ணை அசைக்கும் நரம்பு அடிபட்டிருக்கலாம். பெரும்பாலும் மூன்று மாதத்தில் சரியாகும், இருந்தாலும் வேறு ஆபத்தான காரணம் இல்லை என்று உடனே பார்த்துவிட வேண்டும். கண்முன் பூச்சிகள் கூட்டமாகப் பறப்பது போலவோ, புகைக்கரி கொட்டியது போலவோ தெரிந்தாலும், ஓரத்திலிருந்து திரை இழுத்தது போல இருண்டாலும் அன்றைக்கே கிளம்ப வேண்டும். "ரெண்டு நாள் பார்ப்போம்" என்பதற்கு இங்கே இடமே இல்லை. கண்ணில் புள்ளி தெரிந்தவர்கள் சிறுநீரில் புரதம் போகிறதா என்று சிறுநீரகத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது, இரண்டிலும் அடி வாங்குவது ஒரே மாதிரி மெல்லிய குழாய்கள்தான். புகைபிடிப்பதைப் பற்றி நான் வேறு சொல்ல வேண்டுமா?

இங்கிலாந்தில் 2003இல் தொடங்கி, சர்க்கரை உள்ளவர்களை வரவழைத்து விழித்திரையைப் படமெடுக்கும் திட்டத்தை நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். குறைந்தது ஐம்பது வருடமாக இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வேலை செய்யும் வயதினரின் பார்வையிழப்புக்கு முதல் காரணமாக இருந்தது சர்க்கரைதான். 2009-10 கணக்கெடுப்பில் அது முதலிடத்திலிருந்து இறங்கியிருந்தது. இறக்கியது எந்த ஒரே காரணம் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் கடிதம் போட்டுக் கூப்பிட்டு, கண்ணுக்குள் பார்த்ததற்கு அதில் பெரிய பங்கு இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

போன மாதம் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்குச் சர்க்கரை தெரிந்து ஆறு வருடம். கண்ணுக்குள் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. "நல்லாத்தானேடா தெரியுது, எதுக்கு?" என்று ஒரு வாரம் இழுத்தடித்த பிறகு வந்தார். பலகைக்கு முன்னால் உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் கணீரென்று படித்தார். படித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "பாத்தியா!" என்றார். அந்தப் பெண் சின்னப் புட்டியோடு பக்கத்தில் வந்தார்.

"இல்லம்மா, வண்டியில வந்திருக்கேன்..." என்று ஆரம்பித்தார் அண்ணன்.

மேசை மேல் கிடந்த வண்டிச் சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். என்னை ஒரு முறை முறைத்துவிட்டுத் தலையைச் சாய்த்தார்.